ஒத்த ஒலியும் ஒவ்வாப் பொருளும்

அயல்மொழி ஒன்றைக் கற்பவர்க்கு அம்மொழியின் அரிய சொற்களால் விளையும் இடர் சிறிது. எளிய சொற்களால் விளையும் இடரே பெரிது. அரிய சொல்லைக் கண்ட மாணவன் உடனே அகராதியை நாடுகிறான். எளிய சொல்லையோ, முன்னரே பழகிய நண்பன் என்று கருதி, முகத்தைக்கூட நோக்காது மேற்செல்கிறான். அங்ஙனம் செல்லுங்கால், அந்நண்பனைப் போலவே குரலுடைய வேறொருவன் அவனை ஏமாற்றிவிடுகிறான். ஆங்கிலத்தில் இத்தகைய ஒத்த குரலினர் மிகப் பலர். அவர்களைப்பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோக்கம் எமக்கு எழுதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறிவிடுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு வகுப்பில் மாணவர் ஒவ்வொருவரையும் தம் குடும்பத்தைப்பற்றி ஆங்கிலத்தில் இரண்டொரு வாக்கியம் சொல்லுமாறு கேட்டோம். திண்டுக்கல் சமவெளியிலுள்ள சிற்றூர் ஒன்றினின்று வந்த மாணவர் ஒருவர் எழுந்து, தம் கல்லூரிக் கட்டணத்தின்பொருட்டுத் தந்தையார் தம் வெள்ளாட்டை விற்றுவிட்டார் என்று கூறினார். வெள்ளாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர், முதலெழுத்தைக் கடுமையாக ஒலித்து, 'கோட்' என்று சொன்னார். அது கேட்டோர் செவியில் மேலங்கி என்று பட்டது. "திண்டுக்கல் வெயிலில் மேலங்கி எதற்கு? விற்றது நன்றே!" என்று யாம் வேடிக்கையாகச் சொல்ல, வகுப்பு முழுவதும் நகைத்தது. அவர் அமர்ந்தார். அதன்பின் பல வாரங்கள் எம் வகுப்பில் அவர் வாய் திறக்கவேயில்லை.

பின்னர் அவருடைய குறிப்பேட்டைத் திருத்துங்கால் அதே வாக்கியத்தை அங்கே கண்டோம். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. சொல்லையும் பொருளையும் அவர் நன்கு அறிந்திருந்தார். ஒரு குடும்பம் தன் ஆட்டை விற்ற செய்தியை யாம் நகையாக்கினோம். இது நாவின் பிழையா, செவியின் பிழையா, மொழியின் இயல்பா என்று ஆராய வேண்டிய கடமை அன்று எமக்கு ஏற்பட்டது.

ஆராயுமிடத்து, இம்மயக்கம் மூவகைப்படும் என்பது தெளிவாயிற்று. ஆங்கிலரே வேறுபாடின்றி ஒலிக்கும் சொற்கள் ஒருவகை. ஆங்கிலர் வேறுபடுத்தி ஒலிப்பினும் தமிழரின் நாவும் செவியும் ஒன்றாக்கிவிடும் சொற்கள் மற்றொருவகை. தனித்து நிற்கும்போது தெளிவாயிருந்து, தொடராகச் சேரும்போது மயங்குவன மூன்றாம் வகை. நோய் வேறாதலின் மருந்தும் வேறு. மூன்றையும் ஒன்றாக எண்ணுதலே நம் மாணவர் படும் இடர்க்கு முதற் காரணமாகும்.

1. ஆங்கிலர்க்கே ஒன்றாக ஒலிப்பன

முதல் வகைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நம் மாணவர் பலர்க்கும் பழகிய திண்டுக்கல் நகரையே பாடநூலாகக் கொள்வோம்.

திண்டுக்கல் என்றவுடன் நினைவிற்கு வருவது பூட்டு. கைத்திறத்தாற் பெயர்பெற்ற இப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டை ஆங்கிலர் 'லாக்' என்பர். கூந்தலின் ஒரு கற்றையையும் 'லாக்' என்றே சொல்வர். ஒலியும் ஒன்று, எழுத்தும் ஒன்று; ஆயினும் பழைய ஆங்கிலத்தில் இவை இருவேறு சொற்கள். காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்து இரண்டும் ஒரே உருவம் பெற்றன. ஆங்கிலக் கவிதையில் ஒரு நங்கையின் பொன்னிற 'லாக்குகள்' வருணிக்கப்படுமிடத்து, பொற்பூட்டுக்கள் என்று பொருள் எழுதிய விடைத்தாளை யாம் பார்த்ததுண்டு. எழுதியவர் பூட்டுத்தொழில் நடக்கும் தெருவில் வளர்ந்தவராயிருப்பின், அவரைக் குறைகூற நமக்கு மனம் வருமோ?

பூட்டிற்குத் திறவுகோல் வேண்டும். அது 'கீ'. கப்பலினின்று சரக்கை இறக்குவதற்குத் துறைமுகத்தில் கட்டப்படும் கரைமேடையும் 'கீ'. முன்னதை கே, ஈ, ஒய் என்னும் மூன்றெழுத்தால் எழுதுவர். பின்னதை க்யூ, யூ, ஏ, ஒய் என நான்கெழுத்தால் எழுதுவர். பின்னது பிரெஞ்சு மொழியினின்று வந்தது. அதன் எழுத்து, பிற்காலத்தில் பிரெஞ்சு முறையைப் பின்பற்றி மாற்றப்பட்டது. எழுத்தை நம்பி 'குவே' என்று படிப்பவர் பலர். அவர் படித்தது பிழையேயாயினும், இரண்டு சொற்களும் வேறு என்பதை அவ்வெழுத்தே அவர்க்குக் காட்டிவிடுகிறது.

பூட்டைப் போலவே இந்நகரின் பெயரோடு சேர்ந்தது தோல் பதனிடும் தொழில். விலங்கின் தோல் 'ஹைட்', ஒளித்துவைத்தலும் 'ஹைட்'. இவ்விரண்டும் மிகப் பழைய காலத்தில், மூடுதல் என்னும் கருத்துடைய ஒரே வேரினின்று கிளைத்தன எனச் சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். உடலை மூடுவது தோல். கண்ணுக்குத் தோன்றாமல் மூடுவது ஒளித்தல். தோலைப் பதனிடத் தென்னாட்டார் நெடுங்காலம் பயன்படுத்திய பொருள் ஆவாரம்பட்டை. பட்டை 'பார்க்', நாயின் குரைப்பும் 'பார்க்', பாய்மரக் கப்பல்வகை ஒன்றும் 'பார்க்'. மரத்தின் பட்டை வடநாட்டு நார்ஸ் மொழியினின்று வந்தது. குரைப்பு பழைய ஆங்கிலச் சொல். கப்பல் இலத்தீன் வழியது. மூன்று நாட்டினர் ஒரே உடையை உடுத்து நின்றாற்போல இவை நிற்கின்றன. பதனிட்ட தோல் செருப்பின் அடியாகும்போது 'சோல்' எனப்படும், ஆன்மாவும் 'சோல்'. இவ்விரண்டையும் எழுத்தே பிரித்துக் காட்டுகிறது.

நகரின் கிழக்கே நோக்கினால் சிறுமலை தோன்றும். அம்மலையின் வாழை புகழ்பெற்றது. வாழையின் ஓரினத்தை ஆங்கிலர் 'பிளாண்டெய்ன்' என்பர். ஐரோப்பாவில் பாதையோரங்களில் தரையோடு தரையாக வளரும் சிறு பூண்டு ஒன்றிற்கும் 'பிளாண்டெய்ன்' என்றே பெயர். அப்பெயர் உள்ளங்காலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அதன் தட்டையான இலை உள்ளங்காலை ஒத்திருத்தலே காரணம். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத் நாடகத்தில் காலிற்பட்ட காயத்திற்கு மருந்தாகக் கூறப்படும் இலை இப்பூண்டின் இலையே. விருந்திற்கு வாழையிலை விரித்துப் பழகிய நம் மாணவர், இத்தாலிய நகரத்தில் வாழையிலை எங்ஙனம் கிடைத்தது என்று வியந்தால் அது நல்ல கேள்வியே. அவ்வியப்பை விடாது பின்பற்றுபவர் அகராதியைத் திறப்பர், உண்மையைக் காண்பர்.

இனி, தமிழர்க்கே உரிய ஒரு வேடிக்கையைக் காண்போம். நம் கறி என்னும் சொல் போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிலத்தில் 'கர்ரி' ஆயிற்று. அச்சொல் அங்கே சென்றபோது, அதே ஒலியுடைய வேறொரு 'கர்ரி' முன்னரே அங்கு வாழ்ந்துகொண்டிருந்தது. அது பழைய பிரெஞ்சினின்று வந்தது. பதனிட்ட தோலை எண்ணெயூட்டித் தேய்த்து மென்மையாக்குதல், குதிரையைத் தேய்த்துத் துலக்குதல் என்னும் பொருளுடையது. ஆகவே திண்டுக்கல்லின் சமையலறையிலும் 'கர்ரி' உண்டு. தோல் பதனிடும் சாலையிலும் 'கர்ரி' உண்டு. ஒன்று தமிழ்நாட்டினின்று சென்றது. மற்றொன்று பிரெஞ்சு நாட்டினின்று வந்தது.

'கர்ரி ஃபேவர்' என்றொரு தொடர் ஆங்கிலத்தில் உண்டு. முகத்துதி செய்து ஒருவரின் தயவைத் தேடுதல் என்பது அதன் பொருள். கறி சமைத்துப் படைத்துத் தயவு பெறுதல் என்று ஒரு மாணவர் விளக்கம் கூறினார். உலக வழக்கிற்கு அது பொருந்துமாயினும் சொல் வரலாற்றிற்குப் பொருந்தாது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் ஃபோவெல் என்னும் குதிரையைப்பற்றிய கதைப்பாடல் ஒன்று எழுந்தது. அக்குதிரை வஞ்சகத்தின் உருவம். செல்வரும் அதிகாரத்திலுள்ளோரும் அதன் தயவை நாடி வந்து அதன் உடலைத் தேய்த்துத் துலக்குவதாகக் கதை. இதனின்று 'ஃபேவலைத் தேய்த்தல்' என்னும் வழக்கு ஆங்கிலத்தில் உண்டாயிற்று. நாளடைவில் அக்குதிரையை மக்கள் மறந்தனர். மறந்த பெயரின் இடத்தில், அதனோடு ஒலியொத்ததும் தயவு என்னும் பொருளுடையதுமாகிய 'ஃபேவர்' வந்து அமர்ந்தது. எனவே, ஒலியொப்புமையால் ஏமாறுபவர் நாம் மட்டுமல்லர். ஆங்கிலரும் தம் மொழியிலேயே ஏமாந்தனர். ஏமாந்தது நிலைத்து மரபாகவும் ஆயிற்று.

இவ்வகைச் சொற்களுக்கு மருந்து இரண்டு. ஒன்று எழுத்து, மற்றொன்று சொல் நிற்கும் இடம். ஆங்கில எழுத்துமுறை ஒலியோடு ஒவ்வாதது என்று நாம் அதனைப் பழிப்பது வழக்கம். அதன் ஒவ்வாமை பெரும்பாலும் பழைய வரலாற்றின் தழும்பு. திறவுகோலையும் கரைமேடையையும், செருப்படியையும் ஆன்மாவையும் செவிக்கு அது பிரித்துக் காட்டாவிடினும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுகிறது. எழுத்தும் ஒன்றாகிய இடத்தில், அக்கம்பக்கத்துச் சொற்களே துணை. 'ஆறு' என்று தனியே கேட்டால் அது நதியோ, எண்ணோ, வழியோ என்று தமிழரும் சொல்லமாட்டார். 'ஆற்றில் வெள்ளம்' என்றவுடன் ஐயம் நீங்கிவிடுகிறது.

நம் எழுத்தும் ஒருகாலத்தில் இக்குறையுடையதாகவே இருந்தது. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது பழைய இலக்கணவிதி. ஓலையில் எழுதுவோர் புள்ளியை இடாது விட்டமையால், குறிலோ நெடிலோ என்பதைப் படிப்பவரே இடம்நோக்கி உணரவேண்டியிருந்தது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் (1680-1747) நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்து இவ்விடரை நீக்கினார். 1732இல் அவர் இயற்றிய சதுரகராதியின் ஒரு பகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் திரட்டித் தருவது. அயல்நாட்டினின்று வந்து தமிழ் கற்ற அவர், எங்கெங்கே தாம் இடறினாரோ அங்கெல்லாம் பின்வருவோர்க்கு விளக்கேற்றிவைத்தார் என்று கொள்ளலாம்.

2. தமிழர் செவிக்கு ஒன்றாவன

இரண்டாம் வகையே அம்மாணவரின் 'கோட்' சேர்ந்த வகை. ஆங்கிலர்க்கு மேலங்கியும் வெள்ளாடும் ஒலியில் ஒன்றல்ல. மேலங்கியின் முதலொலி கடுத்தது. வெள்ளாட்டின் முதலொலி தணிந்தது. ஆயினும் இங்கே தமிழில் எழுதுங்கால் இரண்டையும் 'கோட்' என்றே எழுதவேண்டியிருக்கிறது. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் நாம் 'பி' என்றே எழுதுகிறோம். நான்காவதையும் இருபதாவதையும் 'டி' என்றே எழுதுகிறோம். எழுத்தின் பெயர்களே இங்ஙனம் மயங்குமாயின், அவற்றாலாகிய சொற்கள் மயங்குதலில் வியப்பென்ன? தொப்பியும் இடைவெளியும், பத்தும் விலங்கின் குகையும், விலையும் பரிசும், முதுகும் பையும் இங்ஙனமே நம் வாயில் ஒன்றாகின்றன.

தமிழில் தணிந்த ஒலி இல்லையோ எனின், உண்டு. 'கல்' என்பதிற் ககரம் கடுத்து ஒலிக்கிறது. 'பாக்கு' என்பதிலும் அவ்வாறே. 'பங்கு' என்பதிலோ அது தணிந்து ஒலிக்கிறது. அதாவது, சொல்லின் முதலிலும் இரட்டிக்குமிடத்தும் வல்லினம் கடுக்கும்; மெல்லினத்தையடுத்துத் தணியும். திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் இதனை ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். இடத்தினாலேயே ஒலி தானாக அமைந்துவிடுதலின், தமிழுக்குத் தனித்தனி எழுத்து வேண்டியதில்லை. இது நம் எழுத்தின் குறையன்று, சிக்கனம். ஆனால் இவ்விதியை அறியாமலே ஆங்கிலத்திற்கும் கொண்டுசெல்கிறோம். ஆங்கிலம் அதற்கு உட்படுவதில்லை. ஏணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் நான்காம் எழுத்து இரட்டித்திருக்கக் கண்டு, நம் வழக்கப்படி அதனைக் கடுமையாக ஒலித்து, 'பிந்தியது' என்னும் சொல்லாக்கிவிடுகிறோம்.

ஆங்கிலர் செவி இதில் நம் செவியினும் மேம்பட்டதோ எனின், திண்டுக்கல் என்னும் பெயரையே சான்றாக வைக்கலாம். திண்டைப் போன்ற கல் ஆதலின் இப்பெயர் வந்தது என்பது பலரும் கூறும் விளக்கம். நம் இலக்கண முறைப்படி முதலிலுள்ள தகரம் கடுக்கும். ணகரத்தையடுத்த டகரம் தணியும். இரட்டித்த ககரம் கடுக்கும். ஆங்கிலரோ முதலில் தணிந்த நான்காம் எழுத்தை இட்டனர். இடையிலும் அதனையே இட்டனர். இரட்டித்த ககரத்திற்குத் தணிந்த ஏழாம் எழுத்தை இட்டனர். மூன்றிடத்துள் ஒன்றே பொருந்திற்று. அவ்வெழுத்தே இன்றும் புகைவண்டி நிலையப் பலகையில் நின்று, அயல்மொழியைக் கேட்கும் எச்செவியும் பிழைபடும் என்பதை நமக்கு உணர்த்துகிறது.

ஆங்கிலர் ஒன்றாக ஒலிப்பதை நாம் வேறாக ஒலிக்கும் இடமும் உண்டு. கோட்டையைக் குறிக்கும் சொல்லும், 'போரிட்டனர்' என்னும் பொருட்சொல்லும் தென்னிங்கிலாந்தார் வாயில் ஒரே ஒலியுடையன. ஐதரலி 1755இல் அதிகாரம் ஏற்றதும், 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கும்பினியார் வசமானதுமாகிய திண்டுக்கல் கோட்டையின் வரலாற்றைத் தென்னிங்கிலாந்தார் ஒருவர் படிக்கக் கேட்டால், எது கோட்டை, எது போர் என்று மயங்க நேரும். நம் மாணவர் ரகரத்தை ஒலித்துக் கோட்டையைப் பிரித்துக் காட்டுகின்றனர். ஸ்காட்லாந்தாரும் அமெரிக்கருட் பெரும்பாலோரும் அவ்வாறே ஒலிப்பர். ஆதலின் இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

இனி, இவ்விரண்டாம் வகைக்கு மருந்து யாது? அதுவும் தமிழிலேயே இருக்கிறது. தொண்டையில் இருவிரலை வைத்துக்கொண்டு 'பங்கு' என்று மெல்லச் சொல்லுக. 'ங்கு' என்னுமிடத்தில் விரலுக்கு அதிர்வு விடாது தோன்றும். 'பாக்கு' என்று சொன்னால், 'க்கு' என்னுமிடத்தில் அவ்வதிர்வு ஒரு கணம் நின்றுவிடும். அதிர்வுடைய அவ்வொலியே வெள்ளாட்டின் முதலொலி. 'சங்கோட்' என்று பலமுறை சொல்லி, பின்னர்ச் 'சங்' என்பதை வாய்க்குள்ளேயே நிறுத்தி எஞ்சியதை மட்டும் வெளியிடுக, வெள்ளாடு வந்துவிடும். 'அம்பேக்' என்று சொல்லி 'அம்' என்பதை விலக்குக. பையின் முதலொலி வந்துவிடும். சொல்லின் ஈற்றிலும் ஒரு குறிப்பு உண்டு. தணிந்த ஒலியில் முடியும் சொல்லில் அதற்கு முன்னுள்ள உயிரை ஆங்கிலர் சற்று நீட்டுவர். கடுத்த ஒலியில் முடியும் சொல்லிற் குறுக்குவர். பை நீளும், முதுகு குறுகும்.

இப்பயிற்சியை யாம் முதன்முதலிற் செய்துபார்த்தது அம்மாணவரோடுதான். அவரைத் தனியே அழைத்து, அன்று நகைத்தது எம் பிழை என்று கூறினோம். அரைமணி நேரத்தில் அவ்வொலி அவர்க்குக் கைவந்தது. பருவத் தேர்வு முடிந்தபின் ஒருநாள் அவரே எம் அறைக்கு வந்து, "அப்பா வேறோர் ஆடு வாங்கியிருக்கிறார், ஐயா" என்பதை ஆங்கிலத்திற் சொன்னார். ஆடு ஆடாகவே ஒலித்தது.

3. சேருமிடத்து மயங்குவன

மூன்றாம் வகை நம் இலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று. 'குன்றேறாமா' என்பது தொல்காப்பிய உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. குன்றின்மேல் ஏறும் ஆமா என்றும் பிரிக்கலாம். குன்றேறாத விலங்கு என்றும் பிரிக்கலாம். எழுத்து ஒன்றே, பிரிக்கும் இடத்தால் பொருள் நேர்மாறாகிறது.

ஆங்கிலத்திலும் இத்தகையன உள. 'ஆல்ரெடி' என்பதைச் சேர்த்தெழுதினால் 'முன்னமே' என்று பொருள். பிரித்தெழுதினால் 'எல்லாம் ஆயத்தம்' என்று பொருள். 'மேபி' சேர்ந்தால் 'ஒருவேளை'. பிரிந்தால் 'இருக்கலாம்' என்னும் வினை. 'எவ்ரிடே' சேர்ந்தால் 'அன்றாடமான' என்னும் அடை, பிரிந்தால் 'நாள்தோறும்'. இவற்றைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுதல் விருப்பம்போற் செய்யத்தக்கதன்று.

பிரிக்கும் இடம் பிறழ்ந்து, பிறழ்ந்ததே சொல்லாக நிலைத்ததும் உண்டு. விளையாட்டு நடுவராகிய 'அம்பயர்' முற்காலத்தில் 'நம்பயர்' என்பதை ஒத்த உருவுடையவராயிருந்தார். இரு கட்சியிலும் சேராத ஒற்றையாள், இணையில்லாதவர் என்பது அப்பழைய பிரெஞ்சுச் சொல்லின் பொருள். 'ஒரு' என்னும் பொருளுடைய 'எ' என்பது முன்னே வர, நகரம் அதனோடு ஒட்டி 'என்' ஆகிவிட்டது. எஞ்சியவர் 'அம்பயர்' ஆனார். சமையலில் முன்னே கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்' என்னும் துணியும் இவ்வாறே தன் முதல் நகரத்தை இழந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மாணவர் கைக்கொள்ளத்தக்கன நான்கு. புதுச்சொல்லைக் கேட்டவுடன் எழுத்தோடு எழுதிப் பார்த்தல் ஒன்று. தனிச்சொல்லை நம்பாது அது நிற்கும் வாக்கியத்தை நோக்குதல் மற்றொன்று. கடுத்த ஒலியையும் தணிந்த ஒலியையும் தொண்டையில் விரல்வைத்துப் பழகுதல் மூன்றாவது. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒத்தொலிக்கும் சொற்களை இரண்டிரண்டாக எழுதி, அவை வந்த வழியையும் அகராதியிற் கண்டு குறித்தல் நான்காவது. ஆண்டிறுதியில் அப்பக்கம் எத்துணைப் பயன்தரும் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

ஆசிரியர்க்கும் உடன்பயில்வார்க்கும் உரியது ஒன்று உண்டு. ஒருவர் நாவில் ஒலி பிறழக் கேட்டால், நகைப்பதற்கு முன் அவர் சொல்லவந்த செய்தி யாது என்று கேட்டல் வேண்டும். நத்தத்தினின்றும் நிலக்கோட்டையினின்றும் ஒட்டன்சத்திரத்தினின்றும் வந்து நம் வகுப்புக்களில் அமர்ந்திருப்போரில் எத்துணைப்பேர், சொல்ல ஒன்றுண்டாயிருந்தும் நகைப்பிற்கு அஞ்சி வாளா இருக்கின்றனரோ, அறியோம். ஒலியைத் திருத்த அரைமணி நேரம் போதும். ஒருமுறை மூடிய வாயைத் திறப்பிக்க ஓராண்டும் போதாமற் போகலாம்.